வரிக்கிண்ணத்துக்கு இரண்டு பேர்

விவாகரத்தாகி ஒன்பது வருடம் கழித்து முன்னாள் புருஷன் போன் பண்ணி, "நமக்கு விழுந்திருக்கு" என்றால் ஒரு பெண் என்ன நினைப்பாள்? மெரிலுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நெட்ரா நினைத்தாள்.

"என்ன விழுந்திருக்கு? எங்க விழுந்திருக்கு?"

"குலுக்கல்ல, நெட்ரா. வரிக்கிண்ணம். அக்டோபர் பதினாலு. ரெண்டு பேருக்கு."

அவள் சமையலறை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தென்கோடியில் பிறந்து வளர்ந்தவர்கள் இருவரும். வரிக்கிண்ணம் அவர்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் பார்த்ததில்லை. காற்றும் மழையும் வரி வரியாகக் குடைந்த அந்தப் பாறைப் பள்ளத்துக்கு ஒரு நாளைக்கு இருபது பேரைத்தான் தேசியப் பூங்காக்காரர்கள் விடுவார்கள். அதற்கு மாதாமாதம் குலுக்கல். எங்கிருந்தோ வந்த ஜெர்மன்காரனுக்கு முதல் தடவையிலேயே விழும். மெரில் அவளோடு குடித்தனம் நடத்திய காலத்தில் பதிமூன்று வருடம் எழுதிப் போட்டான், ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகும் விடாமல் போட்டிருக்கிறான் என்பது இப்போதுதான் தெரிகிறது.

"என் பேரை எடுக்கலையா நீ?"

"எப்படி எடுக்கறதுன்னு தெரியல."

முப்பது வருடம் நிலம் அளந்த மனிதன், ஒரு பெயரை அழிக்கத் தெரியாதாம். நெட்ராவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. வர முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் கண்ணைப் பற்றிச் சொன்னான்.

நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு சாம்பல் கறை. எதைப் பார்க்கிறானோ அதுதான் மறைந்துபோகும். ஓரத்தில் இருப்பது மட்டும் தெரியும். கறை மாதாமாதம் பெரிதாகிறது. வசந்தத்துக்குள் வண்ணங்களும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இனி ஒரு குலுக்கலுக்குக் காத்திருக்க முடியாது. பட்டியலில் பெயர் இல்லாதவர்களைப் பூங்காவில் விடமாட்டார்கள் என்பதால் மகனையும் கூட்டிப்போக முடியாது. நெட்ரா வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

"ஏழு மணிக்கு வா," என்றாள் அவள். உடனே தலையில் அடித்துக்கொண்டாள். "வேண்டாம், நீ வண்டி ஓட்டாதே. நானே வரேன்."

பூங்கா அலுவலகத்தில் இருந்த ரேஞ்சர் பெண் அவர்கள் பையில் அனுமதிச் சீட்டைக் கட்டிவிட்டு, எட்டுப் படங்கள் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினாள். அங்கே பாதை என்று ஒன்று கிடையாது, வெறும் பாறை. ஒவ்வோர் இடத்திலும் நின்று, எதிரே தெரியும் குன்றைப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் மேலே நடக்க வேண்டும். பழக்கதோஷத்தில் மெரிலின் கை நீண்டது. பிறகு தானாகவே மடங்கியது.

"அவங்ககிட்ட கொடும்மா," என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க நெட்ரா அவனோடு வாழ்ந்த முப்பத்தொரு வருடமும் காத்திருந்தாள். அவள் அந்த வீட்டை விட்டு வந்ததற்கு வேறு பெண்ணும் காரணமில்லை, குடியும் காரணமில்லை. எந்தப் பயணத்திலும், எந்த முடிவிலும், வரைபடத்தை அவள் கையில் கொடுக்காத மனிதனோடு வாழ்ந்து அலுத்துவிட்டது, அவ்வளவுதான். இப்போது கிடைத்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இல்லை.

காலை வெயில் இதமாக இருந்தது. மணலில் முயல்களின் கால்தடங்கள். கருத்துப் பொரிந்த மண் வந்த இடங்களில் அவள் அவன் முழங்கையைப் பிடித்து நகர்த்தினாள். அந்த மண்ணுக்கு உயிர் உண்டு, மிதித்தால் தேற ஐம்பது வருடம் ஆகும் என்று தன் பிள்ளைகள் மூன்று பேருக்கும் அவன் போட்ட சத்தம் கொஞ்சமா? மே மாத விடுமுறையென்றால் அவர்களை வண்டியின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு எங்காவது ஒரு பாறை வளைவுக்குக் கிளம்பிவிடுவான். பச்சை ஜெல்லியில் கேரட் துருவிப்போட்டு, டப்பாவில் அடைத்து, அவள் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாள். போய்ச் சேரும்போது அது சூப்பாகியிருக்கும். பிள்ளைகள் அதையும் குடிப்பார்கள்.

"அந்த ஜெல்லி செய்யறயா இப்பவும்?" என்றான் மெரில், அவள் நினைப்பதைக் கேட்டவன் மாதிரி.

"யாருக்குச் செய்ய?"

"எனக்குப் பிடிக்கவே பிடிக்காது அது."

"முப்பது வருஷம் ரெண்டாந்தடவை வாங்கித் தின்னயே!"

"நீ மடியில வெச்சுக் கொண்டுவந்தது. எப்படித் திங்காம இருக்கறது?"

அந்த நாட்கள் திரும்பி வந்தால் தேவலை என்று, விட்டு வந்ததற்குப் பிறகு முதல்முறையாக நெட்ராவுக்குத் தோன்றியது.

நான்காவது படத்தில் சிக்கல். படத்தில் ஒரு குன்று. எதிரில் இரட்டைப் பிறவிகளாக இரண்டு. அவள் இடதுபக்கக் குன்றுக்கு நடத்திப்போனாள். அரை மணி நேரம் ஏறிய பிறகு காலடியில் செங்குத்தான பள்ளம்தான் இருந்தது. பழைய மெரிலாக இருந்தால் இந்நேரம் பிரசங்கமே செய்திருப்பான். இன்று ஒரு கல்லில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிரித்து, வேர்க்கடலை வெண்ணெய் தடவிய பாதியை அவளுக்கு நீட்டினான்.

"ஏதாவது சொல்லேன்!" என்று கத்தினாள் நெட்ரா. "திட்டவாவது திட்டு!"

"தாள் உன்கிட்ட இருக்கு. நான் என்னத்தச் சொல்ல?"

"நீ சும்மா இருந்தா எனக்குப் பயமா இருக்கு, மெரில்."

"எனக்கும்தான்," என்றான் அவன்.

திரும்பி வந்து வலதுபக்கம் போனார்கள். கடைசி ஏற்றத்தில் மணல் காலை உள்ளே இழுத்தது. இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, மூச்சுவாங்கி, ஒரு பிளவுக்குள் நுழைந்து வெளியே வந்தார்கள்.

உச்சிவெயில் நேராக வரிக்கிண்ணத்துக்குள் இறங்கியிருந்தது. எங்கும் நிழலே இல்லை. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், ஊதா என்று வரி வரியாகப் பாறை நான்கு பக்கமும் வழிந்து இறங்கியது. படங்களில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த நேரம் வேறு யாரும் அங்கே இல்லை.

மெரில் நடுவில் போய், பெரிய பாறைச் சுவருக்கு நேராக நின்றான். நெட்ரா சற்றுத் தள்ளி உட்கார்ந்து காலணியிலிருந்த மணலைக் கொட்டினாள். பத்து நிமிடம் ஆகியும் அவன் அசையவில்லை. கொண்டுவந்து சேர்த்துவிட்டோம், நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"அப்படியேதான் இருக்க. முடிதான் நரைச்சிருக்கு."

சுவருக்கு நேராக நின்றுகொண்டு, ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் கோபம் தலைக்கேறியது. ஒரு காலில் காலணியோடு எழுந்து போனாள்.

"இருபத்திரண்டு வருஷம் எழுதிப் போட்டது என் மூஞ்சியப் பாக்கவா? இத இனிமே எப்போ பாப்ப நீ? சொல்லு!"

"உன்னயும்தான் எப்போ பாப்பேன்?"

நெட்ரா அவனுக்கும் சுவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அவன் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைத் தன் முகத்துக்கு நேராக நிறுத்தினாள்.

"இப்ப என்ன தெரியுது?"

மெரிலின் குரல் மாறியது.

"ஐயோ, நெட்ரா. சுத்தியும் ஓடுது. சிவப்பு... அதுக்கு மேல வெள்ளை, நூல் மாதிரி... நீ மட்டும் தெரியல."

"நான் தெரிய வேண்டாம். இங்கதான் நிக்கறேன். நீ பாத்து முடி."

அவன் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி, ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் நெட்ரா கண்ணீரைத் துடைக்கவில்லை.