கீழலகு கறுப்பு

செலிப்பா அன்று நின்றது மோபானி மரத்தடியிலா, புளியமரத்தடியிலா என்று எனக்கு இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. லுவாங்வா ஆற்றுப் பக்கம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆனால் பறவையை அவள் நன்றாகவே பார்த்தாள்.

முதல் தூறல் விழுந்தாலும், காட்டு மீன்கொத்தி வந்த பிறகுதான் அங்கே விதைப்பார்கள். அதை முதலில் பார்த்துச் சொல்கிறவள் எல்லோர் வயலிலும் முதல் விதையைப் போடுவாள். வருஷா வருஷம் அது மலிட்டாவுக்கே வாய்த்தது.

செலிப்பா பார்த்த பறவைக்குச் சிறகில் நீலம். அலகு மேலும் சிவப்பு, கீழும் சிவப்பு. தலையில் பழுப்புக் கோடுகள். அது ஆண்டு முழுவதும் அங்கேயே கிடக்கிற வேறு வகை. மழையோடு வருவதற்குக் கீழலகு கறுப்பு. கண்ணோரம் மை இழுத்தது போல ஒரு கோடு. ஒரு சொடுக்குப் போட்டுவிட்டு நீளமாகக் குலுங்கிக் கத்தும். இது கத்தவே இல்லை. செலிப்பா வெகுநேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு ஊருக்குள் ஓடினாள்.

"வந்துடுச்சு!"

"கீழலகு பார்த்தியாக்கா?" என்றாள் மலிட்டா.

"ஏன், உன் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியுமோ?"

பெண்கள் சிரித்தார்கள். "விடு மலிட்டா, அது என்ன உன் வீட்டுக் கோழியா?" மலிட்டாவும் சேர்ந்து சிரித்தாள்.

புருஷன் இல்லாத மலிட்டாவிடம் இருந்தது ஒரே குடுவை மக்காச்சோள விதை. அவள் வயலிலும் முதல் விதையைச் செலிப்பாதான் போட்டாள். மலிட்டா மண்ணைத் தள்ளி மூடினாள்.

மழை வரவில்லை. தூறல் ஈரத்தில் முளைத்ததெல்லாம் வெயிலில் கருகியது. மற்றவர்களிடம் மறுபடி விதைக்க மிச்சம் இருந்தது. மலிட்டாவிடம் இல்லை.

பிறகு ஒரு காலையில் அந்தக் குரல் ஊருக்கு மேல் குலுங்கியது. பின்னாலேயே மேகம். யாரும் செலிப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மலிட்டா மட்டும் வந்தாள்.

"வெயில்ல கண்ணு கூசியிருக்கும்க்கா. எனக்கும் ஒரு தடவை அப்படி ஆச்சு."

அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். செலிப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூசல. நல்லாத்தான் தெரிஞ்சுது. கீழேயும் சிவப்பு."

மலிட்டா எழுந்து தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செலிப்பா தன் மிச்ச விதை முழுவதையும் அந்த வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மலிட்டா அதை விதைத்தாள். முதல் விதையைத் தானே போட்டாள். அந்த ஆண்டு செலிப்பா அடுத்தவர் வயலில் களை பிடுங்கி அந்தக் கூலியில் சாப்பிட்டாள். மலிட்டா இப்போது தம்பியின் ஊரில் இருக்கிறாள். செலிப்பா அங்கேயேதான் இருக்கிறாள். அந்தக் குரல் கேட்டால் வீட்டுக்குள் போய்விடுவாள்.