கடைசியாகப் பேசும் இடம்

கண்ணாடிக் கடையில் ஆறு வருடம் பவர் பார்த்தவள் அவள். ஒருநாள் கடை மேனேஜர் அவசரத்தில் ஒரு வயதான அம்மாளுக்குத் தப்பான பவரை எழுதிவிட்டார். அந்த அம்மாள் புதுக் கண்ணாடியோடு மாடிப்படியில் தடுமாறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். விசாரணையில் இவளை முதலில் பேசச் சொன்னார்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு இவளை வெளியே அனுப்பிவிட்டு மேனேஜரைக் கேட்டார்கள். இவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. சாயங்காலத்துக்குள் பழி இவள் தலையில் விழுந்தது, வேலையும் போயிற்று.

வேறொரு சின்னக் கடையில் சேர்ந்துகொண்டாள். வயிற்றெரிச்சல்தான் அடங்கவில்லை. ஞாயிறு மதியங்களில் நூலகத்து மேல்மாடியில் அந்தப் பழைய மேனேஜர் போக்கர் சீட்டாட்டம் ஆடுவார். பந்தயத்துக்குப் பணம் கிடையாது, வெறும் பிளாஸ்டிக் வில்லைகள். மாதம் ஒருமுறை கடைசிவரை மிஞ்சுபவரின் பெயர் சுவர்ப் பலகையில் ஏறும். அதில் ஏழு இடத்தில் அவர் பெயர். அதைச் சொல்லாமல் யாருக்கும் கண்ணாடி விற்கமாட்டார்.

எட்டு மாதம் உட்கார்ந்து ஆட்டத்தைக் கற்றாள்.

"பைத்தியமாடி உனக்கு?" என்றாள் அக்கா.

"ஆமா."

மேல்மாடிக்குப் போன முதல் நாளே மேனேஜர் சிரித்துக்கொண்டு வரவேற்றார். "வாம்மா. இன்னும் கோபமா?"

"பழசெல்லாம் எதுக்கு சார்? சீட்டைப் போடுங்க."

இவளுக்கு இடப்பக்கம் சலூன்காரர், அவருக்கு அடுத்து மேனேஜர். ஆட்டத்தில் கடைசியாகப் பேசும் இடம் ஒன்று உண்டு. மற்றவர்கள் செய்வதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கைக்குக் கை அது நகர்ந்துகொண்டே போகும். அது சலூன்காரரிடம் வரும்போதெல்லாம், மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவான சீட்டுகள் விழுமுன்பே இவள் ரெய்ஸ் செய்து பந்தயத்தை ஏற்றினாள், அதுவும் பெரிதாக.

"ஐயோ, நமக்கு எதுக்கு வம்பு" என்று சலூன்காரர் சீட்டைக் கீழே போட்டுவிடுவார். அவர் விலகியதும் கடைசிப் பேச்சு இவளுடையது. மேனேஜருக்கோ இவளிடம் விலகுவது மானப் பிரச்சினை. வில்லைகளைப் போட்டுவிட்டு உள்ளே வருவார். அப்புறம் அவர்தான் முதலில் பேசியாக வேண்டும். அவர் தயங்கி, பந்தயம் கட்டாமல் மேசையைத் தட்டினால் இவள் வில்லைகளைத் தள்ளுவாள். அவர் விலகுவார். ஏழும் நாலும் மாதிரி குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டுகூடத் தள்ளினாள். ஒவ்வொரு முறை அவர் விலகும்போதும் அவர் காதுமடல் சிவந்தது. அதைப் பார்க்க இவளுக்குத் தித்திப்பாக இருந்தது.

"சும்மா மிரட்டுற நீ," என்றார் ஒருமுறை.

"இருக்கலாம் சார்."

இரண்டு மணி நேரத்தில் அவர் வில்லைகள் பாதியாகிவிட்டன. அடுத்து இவள் கைக்கு இரண்டு ராஜா வந்தது. குப்பைக்குப் போட்ட அதே அளவு ரெய்ஸைத்தான் போட்டாள். சலூன்காரர் விலகினார். மேனேஜர் வந்தார். நடுவில் மூன்று சின்னச் சீட்டுகள் விழுந்தன. அவருக்குப் பொறுமை போய்விட்டது. இருந்ததையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளினார். "இப்ப என்னம்மா பண்ணுவ?"

இவள் ஈடாக வில்லைகளைத் தள்ளிவிட்டு ராஜாக்களைத் திருப்பி வைத்தாள். அவரிடம் ஒற்றை ஏஸைத் தவிர ஒன்றுமில்லை. இன்னொரு ஏஸ் விழுந்தால் ஆட்டம் அவருக்கு. மிச்சம் இரண்டு சீட்டும் விழுந்தன. ஏஸ் வரவில்லை.

"அதிர்ஷ்டம்," என்று அவர் எழுந்தார்.

"ஒரு நிமிஷம் சார். மாடிப்படியில விழுந்த அம்மாவுக்குப் பவர் எழுதினது யாருன்னு இவங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க."

"அது... அதெல்லாம் முடிஞ்சுபோன கதை," என்று முணுமுணுத்தபடி படியிறங்கிப் போனார். நாற்காலியில் மாட்டியிருந்த பையைக்கூட எடுக்கவில்லை.

சலூன்காரர் கேட்க, இவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். எதிரே இருந்த ரிட்டயர்டு வாத்தியார் மெதுவாகத் தன் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதையும் அவர்தாம்மா எழுதினார். பாத்துச் சொல்றியா?"

ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள். குறை ஒன்றும் தெரியவில்லை. 'சரியாத்தான் இருக்கு' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"கையில பிடிச்சுப் பாத்தா எப்படி சார் தெரியும்? நாளைக்கு எங்க கடைக்கு வாங்க. மெஷின்ல வச்சுப் பாத்துடலாம்."

"நானும் வரேன்," என்றார் சலூன்காரர். "என் வீட்டுக்காரி கண்ணாடியும் அவர்கிட்ட வாங்கினதுதான். அவளையும் கூட்டிட்டு வரேன்."