இழுக்காத கால்

டாக்டர் ஜெயா கைக்கண்ணாடியைக் கண்ணையன் முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல மேலே தூக்கினாள். கண்கள் கூடவே ஏறின. கீழே இறக்கினாள். கூடவே இறங்கின.

பக்கவாதம் வந்து பதினோரு மாதம். கண் திறந்திருக்கும், வேறெதுவும் அசையாது. மூக்குக்குழாயில் கஞ்சி. இனி நினைவு திரும்பாது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அபிஷேகப்பாக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"எங்க வூட்டு மாடுகூட கண்ணாடியக் காட்னா பாக்கும்," என்றாள் அவர் மனைவி அமுதம். "அதுக்கும் நெனப்பு இருக்குதா?"

"இருக்கும்மா. ஆனா நாம சொன்னா செய்யாது." ஜெயா குனிந்தாள். "ஐயா, நான் பேசறது புரிஞ்சா மேல பாருங்க."

கண்ணையன் மேலே பார்த்தார்.

"யப்பா!" மகன் புகழ்வேந்தன் அழுதுவிட்டான்.

அமுதம் அழவில்லை. "எப்பலேர்ந்து இப்டி?"

"சொல்ல முடியாதும்மா. மொதல்லேர்ந்தே இருக்கலாம். கேக்கறது, வலிக்கறது எல்லாமே. வெளிய காட்ட முடியாம."

ஜெயா போர்வையை விலக்கினாள். இரண்டு பாதங்களிலும் ஆறிய தழும்புகள். ஏழு.

"இது என்ன?"

"சூடு," என்றான் புகழ்வேந்தன். "மூணாம் மாசம். பாகூர்ல ஒருத்தர் சொன்னாரு. உள்ள நெனப்பு இருந்தா கால இழுப்பாராம். இழுக்கல. சரியாப் படலியோன்னு மறுபடியும்..."

கம்பியைக் காய்ச்சியவன் அவன். காலைப் பிடித்துக்கொண்டவள் அமுதம்.

அவர் காலை இழுக்காத அந்த நாளுக்குப் பிறகு அந்த அறையில் யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. இன்னும் எத்தினி நாளு இந்தக் கட்டைக்குப் பீ வாரணும் என்று அமுதம் தினமும் கேட்டாள். அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

ஜெயா தழும்புகளைத் தாளில் குறித்தாள். பிறகு, "நீங்க ஒண்ணு கேளுங்கம்மா. பழகிக்கணும். ஆமான்னா மேல பாப்பாரு. இல்லன்னா கீழ."

அமுதம் கட்டிலருகே வந்தாள். அவளிடம் ஒரு கேள்விதான் இருந்தது.

"அன்னிக்கு வலிச்சுதா?"

கண்ணையன் அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் மறுபடி கேட்டாள். திறக்கவில்லை.

"களைச்சிட்டாரு," என்ற ஜெயா, 'பதில் இல்லை' என்று எழுதினாள்.

"களைப்பு இல்லம்மா. கோவம். இருவத்தெட்டு வருசமா பாக்குறன்."

ஜெயா தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்படி எழுத இதுல இடமில்லம்மா."