அனீசியோவின் பதக்கம்

மெஸ்த்ரே அனீசியோவின் சட்டையில் மேயர் பதக்கம் குத்திய மாலையிலிருந்து அவருடைய மேளத்தில் சத்தம் வருவது நின்றுவிட்டது. மேளம் கிழியவில்லை. தோல் அதிர்ந்தது, அதன்மேல் கிடந்த தூசி துள்ளியது, உள்ளங்கை சிவந்தது. சத்தம் மட்டும் இல்லை. அன்று எங்கள் ஊரான சாம் பெனெடிட்டோவில் இறால் விலை கொஞ்சம் ஏறியிருந்தது, ஆற்றில் வெள்ளம் வடிந்துகொண்டிருந்தது, அனீசியோவின் மேளம் ஊமையாகிவிட்டது. மூன்றையும் நாங்கள் ஒரே மூச்சில் பேசிக்கொண்டோம். அவர் தோலை மாற்றிப் பார்த்தார், வெயிலில் காயவைத்துப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் மேளத்துக்குப் பெயர் வைத்து, ஞானப் பெற்றோர் வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை சோறு போடுவது வழக்கம். அந்த ஞானப் பெற்றோரைக் கூப்பிட்டு, செம்பனை எண்ணெயும் சேவல் கறியும் படைத்தார்கள். மேளம் சாப்பிட்டது, பேசவில்லை. பக்கத்து வீட்டு மேளத்தை வாங்கி அடித்தார். அதுவும் அவர் கைபட்டதும் வாயடைத்துப்போய், அவர் கையை எடுத்ததும் பழையபடி முழங்கியது. கோளாறு மேளத்தில் இல்லை, அவர் வாங்கிய மரியாதையில் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த மரியாதையைக் கண்டுபிடித்தவர் மேயர் டாக்டர் லியோன்சியோ பெசான்யா. டாக்டர் என்றால் வைத்தியர் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் இஸ்திரி போட்ட கோட்டு வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் டாக்டர்தான், கலை சொல்லித்தருகிற ஆசான் மெஸ்த்ரே. அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டை நிறுத்தியபோது, அனீசியோ தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நகராட்சி ஜன்னலுக்குக் கீழே மேளம் அடித்தார். உள்ளே ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காததால் கூட்டம் நடத்த முடியாமல் போய், சாப்பாடு திரும்பி வந்தது. டாக்டரின் தாத்தா மேயராக இருந்த காலத்தில் இப்படி நடந்திருந்தால் போலீஸை அனுப்பி மேளங்களைக் கோடாலியால் பிளந்திருப்பார்கள். பிளந்தும் இருக்கிறார்கள். பேரன் படித்தவர். நவம்பர் இருபது, கறுப்பின விழிப்புணர்வு நாளில், பண்பாட்டுக்கும் இளையோர் கல்விக்கும் தொண்டாற்றிய கறுப்பினக் கலைஞர்களுக்கும் சமூகத் தலைவர்களுக்கும் பதக்கம் என்று அறிவித்தார். தகரத்தில் மஞ்சள் பூசிய வில்லை அது. அவர் அனீசியோவைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார், தனக்குக் கறுப்புத் தாதி பால் கொடுத்த கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் கை தட்டினோம். கை தட்டுவதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை, வெட்கங்கெட்ட ஊர்.

அதன்பிறகு வருஷா வருஷம் யார் வாயைத் திறந்தாலும் பதக்கம்தான். கப்போயிரா ஆட்டம் சொல்லித்தந்த பெலார்மீனோ வாங்கினார், அவருடைய ஒற்றைக் கம்பி வில் வாத்தியத்தில் நாதம் செத்தது. தெருப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தந்த செலஸ்தீனா டீச்சர் வாங்கினாள், வகுப்பில் அவள் குரல் காணாமல் போனது. வீட்டில் புருஷனைத் திட்டும்போது மட்டும் குரல் குறைவில்லாமல் வந்தது. பதக்கத்தை ஆற்றில் எறிந்தவர்களுக்கு, கடலேற்றத்தில் தண்ணீர் ஏறும்போது ஆறு அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வாசற்படியில் கொண்டுவந்து வைத்தது. வாங்கமாட்டேன் என்ற ஒருத்திக்குக் கொடியில் காய்ந்த ரவிக்கையில் குத்திவிட்டுப் போனார்கள். நகராட்சி உறுப்பினர்கள் அந்த அமைதியில் சாய்ந்து உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை மறுபடி நிறுத்தினார்கள், நூலகத்தைப் பூட்டினார்கள், ஊர் அமைதியாக இருப்பதற்காகத் தங்களுக்குத் தாங்களே பாராட்டுத் தீர்மானம் போட்டுக்கொண்டார்கள்.

மிச்சம் இருந்தவள், நாங்கள் மரியாதையாகத் தோனா என்று கூப்பிடும் உபால்தினா. பழைய புகையிலைக் கிடங்கில் பிள்ளைகளுக்குச் சம்பா ஆட்டமும் வாசிப்பும் சொல்லித்தருகிறவள். அவளுடைய வாத்தியம் பீங்கான் தட்டும் சமையல் கத்தியும். கத்தியால் தட்டின் விளிம்பை அவள் சுரண்டினால் தூங்குகிற குழந்தையும் இடுப்பை ஆட்டும். ஆற்றைப் பார்த்த கிடங்கு என்பதால் அங்கே ஓட்டல் கட்ட மேயரின் மைத்துனனுக்கு ஆசை வந்தது. கிடங்கு நகராட்சிச் சொத்து, ஆகவே ஒரு அறிவிப்பு போதும். அந்த வருஷப் பதக்கம் உபால்தினாவுக்கு என்று செய்தி வந்ததும் அனீசியோ ஓடி வந்தார்.

“போகாத உபால்தினா. நான் போனதுல என்ன ஆச்சுன்னு பாத்தேல்ல? ரெண்டு கையும் வச்சுக்கிட்டு மண்ணு மாதிரி உக்காந்திருக்கேன்.”

“போகலேன்னா கொடியில காயற பாவாடையில வந்து குத்துவான். அதுக்கு நானே வாங்கிக்கறேன். ஆனா அவன் மண்டபத்துல இல்ல. என் கிடங்குல, வட்டம் போட்டு.”

“வட்டம் போட்டு என்னத்தைக் கிழிக்கப்போற?”

“மேளக்காரன் புத்தி மேளத்தோட நிக்கும்னு சும்மாவா சொல்றேன். நீ என்னைக்காவது வட்டத்துல எறங்கி ஆடியிருக்கியா? பேசாம வந்து பாரு.”

மேயருக்குப் பரம சந்தோஷம். சம்பா வட்டத்தில் நின்றால் போட்டோ இன்னும் நன்றாக வரும். அன்று கிடங்கு நிறையக் கூட்டம். அவர் பதக்கம் குத்தினார், தாதி கதையைச் சொன்னார், கண்ணைத் துடைத்தார். உபால்தினா கத்தியைத் தட்டில் வைத்துச் சுரண்டினாள், ஒன்றும் கேட்கவில்லை. மேயர் திருப்தியாகச் சிரித்துவிட்டு ஓட்டல் அறிவிப்பைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். பிள்ளைகளுக்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை, அதனால் அவர்கள் கைதட்டல் நன்றாகவே கேட்டது. அந்தத் தாளத்துக்கு உபால்தினா நடுவில் இறங்கி, பாதத்தைத் தரையை விட்டு எடுக்காமல் சின்னச் சின்னதாக இழுத்து ஆடினாள். சம்பா வட்டத்தில் ஒரு விதி உண்டு. ஆடுகிறவர் தன் முறை முடிந்ததும் ஒருவர் முன்னால் போய்த் தன் தொப்புளால் அவர் தொப்புளில் ஒரு இடி இடிக்க வேண்டும். இடி வாங்கியவர் உள்ளே வந்தே ஆக வேண்டும். முறையோ களைப்போ சந்தோஷமோ, இடித்தவரிடம் இருப்பது அவருக்குப் போய்விடும். அதை இன்னொருவருக்கு இடித்துக் கொடுக்காமல் அவர் வெளியே வர முடியாது. எங்கள் ஊரில் தவழும் குழந்தைக்கும் இது தெரியும். டாக்டர் லியோன்சியோ தலைநகரில் படித்தவர், உபால்தினா தன் முன்னால் வந்து நின்றதும் தன்னைக் கௌரவிக்கிறாள் என்று நினைத்து, வயிற்றைத் தாமாகவே முன்னால் தள்ளிக் கொடுத்தார்.

இடி விழுந்ததும் பதக்கம் அவளுடைய ரவிக்கையிலிருந்து அவருடைய கோட்டுக்குப் போய்விட்டது. தட்டு கிறீச்சென்று முழங்கியது. மேயர் அறிவிப்பைப் படித்தார், உதடு மட்டும் அசைந்தது. கால்கள் அவரைக் கேட்காமல் ஆடத் தொடங்கின, அதுவும் தாளத்துக்கு ஒரு அடி பிந்தி. அவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உறுப்பினர்களை நோக்கிப் போனார், அவர்கள் சுவரோடு ஒட்டி ஒவ்வொருவராக நழுவினார்கள். அவருடைய மனைவி ஆற்றுப்பக்கக் கதவால் போய்விட்டாள். மறுநாளிலிருந்து அவருக்குத் தூக்குவாளியில் சாப்பாடு அனுப்பினாள், ஆனால் தானே கொண்டுவரவில்லை. அந்த வாரத்திலேயே பெலார்மீனோ தன் பதக்கத்தைப் போலீஸ் அதிகாரியிடமும், செலஸ்தீனா டீச்சர் தன்னுடையதைக் கல்வி அலுவலரிடமும் அதே இடியால் தள்ளிவிட்டார்கள். கல்வி அலுவலர் பேசாமல் போனதில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ரவிக்கையில் வாங்கியவள் உட்பட மற்றவர்களும் ஆளுக்கொரு அதிகாரியாகப் பார்த்துக் கொடுத்துத் தீர்த்தார்கள்.

அனீசியோ ஒருவர்தான் பாக்கி. அவருக்கு ஆடத் தெரியாது, மேளக்காரர் வட்டத்தில் இறங்குவதில்லை. ஒரு மாதம் உபால்தினாவிடம் பழகினார். அதற்குள் துணைமேயர் ஒசியேல், மேயர் ஆடினால் என்ன, ஓட்டல் நிற்கலாமா என்று நகராட்சியைக் கூட்டினான். கிடங்கை விற்கக் கை தூக்கப்போகும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கை தட்டினார்கள், அனீசியோ சட்டையின் கடைசிப் பொத்தானைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு ஆடியபடியே உள்ளே வந்தார். ஒரு உறுப்பினர் மேசைமேல் ஏறினார், இன்னொருவர் நாற்காலியைத் தூக்கி வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். ஒசியேல் மூலையில் மாட்டிக்கொண்டான்.

“மெஸ்த்ரே, உக்காந்து பேசலாமே. என்ன வேணும் உங்களுக்கு?”

“எனக்கு ஒண்ணும் வேணாம்யா. குடுக்கத்தான் வந்தேன்.”

“கிடங்கு பிள்ளைங்களுக்கே! எழுதிக் குடுத்துடறோம்!”

“நல்லது.”

“மதியச் சாப்பாடும்! நூலகமும் தொறக்கறோம்! கொஞ்சம் தள்ளி நில்லுங்க மெஸ்த்ரே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

எல்லோரும் கை தூக்கினார்கள். நூலகத்தைத் தன் கையாலேயே பூட்டியவர் மேசைமேலிருந்து இரண்டு கையையும் தூக்கினார். அனீசியோவின் தொப்புளுக்கும் ஒசியேலின் தொப்புளுக்கும் நடுவில் ஒரு கை அகலம் இருந்தது. அதைத் தாண்டினால் மேளம் திரும்பி வரும். வெளியே நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். அவர் ஒசியேலின் முகத்தை, மேசைமேல் நின்றவரை, நாற்காலி பிடித்தவரை, எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

உபால்தினா தெருவிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள். “கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? மூஞ்சிக்கு நேரா நின்னானே!”

“குடுத்துட்டா நாளைக்கு அவனுங்களுக்கு எதுக்குப் பயம்? இது என்கிட்டயே இருக்கட்டும்.”

“ஒன் மேளம்டா அனீசியோ!”

“தெரியும்.”

அவள் தெரு நடுவில் நின்று அழுதாள். கை தட்டியே பழகிய எங்களுக்கும் அன்று கை எழவில்லை.

இப்போதும் மேயர் கிடங்கில் ஆடிக்கொண்டிருக்கிறார், முன்னைக்குப் பரவாயில்லை, ஆனாலும் பிந்துகிறார். வெளியூர்க்காரர்கள் யாரிவர் என்று கேட்டால், இளையோர் கல்வியில் இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறோம். சனிக்கிழமைகளில் அனீசியோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாத மேளத்தை அடிக்கிறார், பிள்ளைகள் அவர் கையைப் பார்த்துத் தங்கள் மேளங்களில் அடிக்கிறார்கள். நகராட்சிக்குப் புது யோசனை ஏதும் வந்ததாகக் காதில் விழுந்தால், சட்டையின் கடைசிப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு சதுக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். நகராட்சி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் படபடவென்று சாத்திக்கொள்ளும். இந்த ஊரில் அவர் கிளப்புகிற சத்தம் இப்போதைக்கு அது ஒன்றுதான். மெஸ்த்ரே அதைக் கேட்டுத் தலையை ஆட்டித் தாளம் போட்டபடியே வீட்டுக்குப் போவார்.