சன்னலில் ஒரு சிவப்புப் பாவாடை

ஞானசிகாமணிக்கு வாய் கொஞ்சம் நீளம். பாளையங்கோட்டையில் போட்டோ பிடிக்கிற கடை வைத்திருந்த அந்த மனுஷர், ‘முடியாது’ என்கிற சொல்லை மட்டும் எங்கேயும் கற்றுக்கொள்ளவில்லை. களக்காட்டிலிருந்து தேவசிகாமணி வாத்தியார் வந்து நின்றபோதும் கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டார்.

வாத்தியாருக்கு ஒரே மகள், கிரேஸ். பாளையங்கோட்டையில் தங்கிப் படித்தவள், லீவுக்கு வீடு வந்த இடத்தில் வாந்திபேதியில் போய்விட்டாள். அவள் ஞாபகமாகப் பள்ளிக் கோயிலில் ஒரு வர்ணக் கண்ணாடிச் சன்னல் வைக்க, பள்ளியின் வெள்ளைக்கார அம்மாள் சீமைக்கு எழுதினாள். இயேசு கையைப் பிடித்துச் சாவிலிருந்து எழுப்புகிற யவீருவின் மகள்தான் படம். படத்துப் பிள்ளைக்கு என்ன நிறத்தில் உடுப்பு என்று கேட்டபோது, தாய் சாரம்மாள் சிவப்பு என்றாள். கோயிலுக்குப் போகிற பிள்ளைக்கு வெள்ளைதான் அழகு என்று, கேட்டுக் கேட்டு அழுத மகளுக்குக் கடைசிவரை சிவப்புப் பாவாடை எடுத்துக் கொடுக்காதவள் அவள். புதைத்ததும் வெள்ளையில்தான்.

கண்ணாடி வந்து சேர்ந்தபோது சாரம்மாள் இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடந்தாள். வண்டியில் ஏற்றினால் வழியிலேயே உயிர் போய்விடும் என்றார் டாக்டர்.

“போய்ப் பாத்தவங்கல்லாம் அந்தச் செவப்பத்தான் சொல்லுதாங்க, தம்பி. அவ கண்ணுல ஒருதடவ காட்டிரணும். ரொம்ப நாள் தாங்க மாட்டா” என்றார் வாத்தியார்.

“காட்டிருவோம், வாத்தியாரய்யா.”

அந்தக் காலத்தில் போட்டோ பிடித்த கண்ணாடிப் பிளேட்டுக்குச் சிவப்பு என்றால் கண் தெரியாது. கறுப்பென்றே வாங்கிக்கொள்ளும். தினமும் சிவப்பு விளக்கில் பிளேட்டுக் கழுவுகிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் சொன்னார். அத்தனை வெயில் பின்னால் நின்றால் கொஞ்சமாவது விழாதா என்று ஒரு நப்பாசை.

காலையில் கோயிலுக்குப் போனவர் வந்த வேலையை மறந்து நின்றார். வெயில் ஏற ஏற அந்தப் பாவாடை பற்றிக்கொண்டது. தரையில் சிவப்பு, பெஞ்சில் சிவப்பு, அவர் வேட்டியிலும் சிவப்பு. இதைத் தாய் பார்க்காமல் போவதா என்று காமிராவை எடுத்து நிறுத்தினார்.

பிளேட்டிலிருந்து காகிதத்தில் எடுத்த படத்தில் முகம் பால்போல விழுந்திருந்தது. பாவாடை மட்டும் தார். மறுநாள் எடுத்ததும் அப்படியே. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? துக்கம் கொண்டாடுகிற துணி மாதிரி இருந்த அதன் மேல் சாயம் பூசிப் பார்த்தார். கறுப்பின் மேல் எந்தச் சாயம் ஏறும்? சேறாக நின்றது.

கடைசியில் பிளேட்டையே தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பாவாடை இருந்த இடம் வெறும் கண்ணாடியாகத் தெளிந்து கிடந்தது. அங்கே பைய சிவப்புச் சாயத்தைத் தடவி வெயிலுக்கு நேரே காட்டினார். கோயிலில் எரிந்த அதே சிவப்பு. ஞானசிகாமணி அழுதேவிட்டார். அன்றைக்கே பிளேட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு களக்காட்டுக்கு வண்டி பிடித்தார்.

வாத்தியார் மனைவியின் தலையைத் தூக்கித் தலையணை வைத்தார். சாரம்மாள் பிளேட்டை வாங்கிச் சன்னல் பக்கம் பிடித்தாள். அவள் கன்னத்தில் சிவப்பு விழுந்தது. உதடு மெல்ல விரிந்தது. ஞானசிகாமணி கர்த்தரை ஸ்தோத்திரித்து முடிக்கவில்லை, அதற்குள் அவள் உதடு மூடிக்கொண்டது.

“முகம் ஏன் தம்பி கரிஞ்சு கெடக்கு?”

பிளேட்டில் எல்லாம் தலைகீழ். வெளுத்தது கறுப்பாகத்தான் நிற்கும். வருஷக்கணக்காக அதையே பார்த்த தொழில்காரன் கண் தானாக மாற்றிப் படித்துக்கொண்டது. அவருக்கு அது வெள்ளை முகமாகவே தெரிந்திருந்தது. 

“அது வந்து, அம்மா...” நீளமான வாய் அதற்கு மேல் ஓடவில்லை.

“கடைசியா பெட்டிய மூடுறதுக்கு முன்ன பாத்தேன்லா, அப்பவும் இப்படித்தான் கறுத்துப் போயிருந்தா” என்றாள் சாரம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

பிறகு அவள் கட்டைவிரலை வைத்து அந்த முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“பாவாட நல்லாருக்கு.”

பிளேட்டை அவள் இறக்கவில்லை. ஞானசிகாமணி கட்டிலருகே மண்டியிட்டு, வெயில் சன்னலை விட்டு இறங்கும்வரை அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.