நாடகம் முடியட்டும்

நார்த்மீட் மண்டபத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சிறிதரன் அரசன். அவருடைய இருபது வருட நண்பர் அருந்தவன் மந்திரி. நாடகத்தில், இளவரசி பகைவனின் படகில் ஏறிப் போய்விட்டதை, நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று மந்திரி மறைக்கிறார். அது தெரியாத அரசன் அந்தப் படகுக்குத் தீ வைக்கச் சொல்கிறான். மந்திரி கெட்டவரில்லை, அதுதான் அந்தப் பாத்திரத்தின் கஷ்டம் என்று அருந்தவன் அடிக்கடி சொல்வார்.

தேநீர் இடைவேளையில், ஒத்திகை பார்க்க வந்திருந்த மகள் வினுஷாவின் போன் சிறிதரனுக்குப் பக்கத்துக் கதிரையில் மின்னியது. அருந்தவன் அனுப்பியிருந்தார். 'அப்பாவிட்ட இப்ப சொல்லாதை. நாடகம் முடியட்டும்.'

சிறிதரன் எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு அருந்தவன் வினுஷாவைக் காரில் இறக்கிவிட்டதெல்லாம், அவள் சிரித்ததெல்லாம் வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது. அப்படி நினைப்பது அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

வியாழக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, யூனிவர்சிட்டிக்கென்று புறப்பட்டவளின் பின்னால் போனார். ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் அவள் ஒரு இனிப்புக் கடைக்குள் நுழைந்து ஏப்ரன் கட்டினாள். மத்தியானம் அருந்தவன் வந்து கவுண்டரில் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி அவளோடு ஏதோ பேசினார்.

எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த சிறிதரன் உள்ளே போனார்.

"என்ர பிள்ளையோட உனக்கு என்னடா கள்ளக் கதை?"

வரிசையில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

"சிறி, என்ன கதைக்கிறாய்? பிள்ளை மார்ச்சிலயே யூனியை விட்டிட்டாள். நீ உடைஞ்சு போவாய் எண்டு நான்தான் பொறுக்கச் சொன்னனான். நல்லதுக்குத்தானடா..."

தன்னைப் பற்றி நண்பர் என்ன நினைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் அருந்தவனுக்கு விளங்கியது. வினுஷாவுக்கு அது அப்பாவின் கேள்வியிலேயே விளங்கிவிட்டது.

"நான் யூனியை விட்ட அண்டைக்கே சொல்ல வந்தனான் அப்பா," என்றாள். "அங்கிள் வெயிட் பண்ணச் சொன்னவர். ஆனா நீங்கள் இப்பிடி நினைப்பீங்கள் எண்டு..."

அருந்தவன் யாரையும் பார்க்காமல் வெளியே போனார். சிறிதரனுக்குப் பின்னால் நின்ற பெண்மணி, வரிசையில்தான் நிற்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

"என்ன வேணும்?" என்று வினுஷா, முன்பின் தெரியாத ஒருவரைக் கேட்பதுபோல் கேட்டாள்.

அவர் கண்ணாடிக்குள் எதையோ காட்டினார். அவள் இடுக்கியால் லட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பெட்டி நிறைந்தது. மூடி மூடாமல் நிமிர்ந்து நின்றது. அவள் இன்னும் வைத்துக்கொண்டிருந்தாள்.