ஸ்ரீ அரங்கன் ஜெராக்ஸ் எழுதிய விமர்சனம்

என் பெயர் பிருந்தா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டனில் இருக்கிற சில பெரிய மனிதர்களுக்கு இந்த ஒரு விஷயம் மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறுவதில்லை.

செஞ்சி கடைத்தெருவில், பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற முனையில், ஸ்ரீ அரங்கன் ஜெராக்ஸ் அண்ட் லேமினேஷன் என்று ஒரு கடை இருக்கிறது. முதலாளி அரங்கநாதன். அவர் அப்பா காலத்தில் அது எண்ணெய்க்கடை. இன்றைக்கும் மழை பெய்தால் சுவரிலிருந்து நல்லெண்ணெய் வாசனை வரும். பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு, அனந்தபுரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, ஊராருடைய ரேஷன் கார்டுகளை முன்பக்கமும் பின்பக்கமும் காப்பி எடுத்துக் கொடுப்பது என் உத்தியோகம்.

கடைக்கு ஒரு மெயில் ஐடி வேண்டும் என்று தொடங்கியது நான். பாஸ்வேர்டு போட்டதும் நான். கம்ப்யூட்டருக்கு முதலாளி செய்கிற ஒரே சேவை ஆயுத பூஜை அன்று அதன் நெற்றியில் சந்தனம் வைப்பது. ஒரு வருஷம் அது கேமராவின் மேலேயே விழுந்துவிட்டது. இன்னமும் சுரண்டவில்லை.

மத்தியானத்தில் கடையில் ஈ ஓட்டலாம். அப்போது நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டு கேட்பேன். என்ன பாட்டு என்று கேட்டால் ஊரில் சிரிப்பார்கள். இங்கிலாந்தில், கிரிம்ஸ்பி என்கிற மீன்பிடி ஊரில், நாலு பிள்ளைகள் சேர்ந்து ‘டேம்ப் கர்ட்டன்ஸ்’ என்று ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். ஈரம் காயாத திரைச்சீலைகள் என்று அர்த்தம். பேரைப் பார்த்தே பாதிப் பேர் ஓடியிருப்பார்கள். ஆனால் அந்தப் பாடகிப் பெண் வாயைத் திறந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. ஒருத்தருடைய பட்டாவை லேமினேஷன் மெஷினுக்குள் கோணலாக விட்டு அவரிடம் திட்டு வாங்கினேன்.

அன்றைக்கே ஒரு பாட்டு விமர்சன வலைத்தளத்தில் இங்கிலீஷில் எழுதிப்போட்டேன். ‘இவள் சோகத்தைப் பாடவில்லை. கடைசி பஸ் போய்விட்டது என்று தெரிந்த பிறகும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவள், பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் சும்மா பேச்சுக் கொடுப்பாளே, அப்படிப் பாடுகிறாள். டிரம் வாசிக்கிற பையனுக்குப் பயம். அடுத்த அடியை விட்டுவிடுவோமோ என்று ஒவ்வொரு தடவையும் பயப்படுகிறான். அந்தப் பயம் என்றைக்குப் போகிறதோ அன்றைக்கு இந்தக் குழு கெட்டது.’

அனுப்பின பிறகுதான் பார்த்தேன், கம்ப்யூட்டரில் கடை ஐடி திறந்திருந்தது. எழுதியவர் பெயர்: ஸ்ரீ அரங்கன் ஜெராக்ஸ், செஞ்சி. யார் படிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் குடி கெட்டது.

கிரிம்ஸ்பி பிள்ளைகள் அதைப் படித்துவிட்டார்கள். ‘எங்களைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை’ என்று ஊருக்கெல்லாம் பகிர்ந்தார்கள். உடனே லண்டன் இசைப் பத்திரிகைகள் விழித்துக்கொண்டன. சத்தியமாகச் சொல்கிறேன், அவர்களில் ஒருத்தர் கூட அந்தப் பாட்டைக் கேட்டதாகத் தெரியவில்லை. என் விமர்சனத்தைத்தான் கேட்டார்கள். ஒரு பத்திரிகை அந்தப் பாடகியைக் ‘கடைசி பஸ்ஸின் கவிஞர்’ என்றது. இன்னொன்று ‘கடைசி பஸ் இசை’ என்று ஒரு வகையே கண்டுபிடித்து, அதில் சம்பந்தமே இல்லாத ஒன்பது குழுக்களைச் சேர்த்தது. மூன்றாவது பத்திரிகை அடுத்த வாரமே ‘கடைசி பஸ் இசை செத்துவிட்டதா?’ என்று கவலைப்பட்டது. பிள்ளைகள் நாலு பேரும் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற படம் எல்லா அட்டையிலும் வந்தது. பெரிய பெரிய அரங்கங்களில் டிக்கெட் தீர்ந்தது.

குழுவைப் பற்றி எழுத ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் என் பக்கம் திரும்பினார்கள். ‘யார் இந்த ஸ்ரீ அரங்கன் ஜெராக்ஸ்?’ முகத்தை மறைத்து எழுதும் லண்டன் விமர்சகர் என்றார் ஒருத்தர். மலைக்கோட்டையில் தவமிருக்கும் சாமியார் என்றார் இன்னொருத்தர். ‘க்ரூக்கட் நீடில்’ என்கிற பத்திரிகை மட்டும் கடைக்கே மெயில் போட்டது. ‘மாதம் ஒரு பத்தி எழுதுங்கள். உங்கள் பெயரோடு, உங்கள் படத்தோடு.’

உங்கள் பெயரோடு. அதைப் படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் நைனாவுடைய பெயர் அச்சில் வந்தது வாக்காளர் பட்டியலில் மட்டும்தான். அதிலும் தப்பாக வந்தது. நான் ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன். புத்திகெட்டவள்.

“மொதலாளி, லண்டன் பத்திரிகையில என்னை எழுதக் கூப்புட்றாங்க!”

“உன்னையா? எங்க, காட்டு.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “டியர் ஸ்ரீ அரங்கன்னு இருக்குது. உன் பேரு எங்க இருக்குது?”

“தெரியாம நம்ம கடை ஐடியில போட்டுட்டேன். எழுதினது நானு.”

“சிஸ்டம் யாருது?”

“உங்களுது.”

“கரன்ட் பில்லு யாரு கட்றது?”

“நீங்க.”

“வேலை நேரத்துலதான எழுதின? அப்ப கடை எழுதிருக்குது. கடை யாருது?” அவருக்கே அந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “கோவிச்சுக்காத பிருந்தா. ஊருக்கே பெருமை. இதுல நீ நானுன்னு பிரிச்சுப் பேசலாமா?”

பிரிக்காமல் பேசினால் பெயர் எப்போதும் அவர் பக்கமே போய் உட்காருகிறது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். ஆனால் நைனாவுக்கு இடுப்பு வலி வந்து ஆட்டோ ஓட்டுவதை நிறுத்திய வருஷம் அது. வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாளில் கடைத்தெருவில் பேனர் வந்துவிட்டது. வியாபாரிகள் சங்கச் செயலாளர் கோதண்டராமன் வைத்தது. ‘எழுத்தால் லண்டனை வென்ற எங்கள் சிங்கமே!’ முதலாளியின் தலையை யாரோ ஒரு பாடகருடைய உடம்பில் ஒட்டி, கையில் கிட்டாரும் கொடுத்திருந்தார்கள். கீழே வாழ்த்தியவர்கள் வரிசையில் கோதண்டராமனின் படம் முதலாளி படத்தைவிடப் பெரிதாக இருந்தது. அது வழக்கம்தான்.

பிறகு க்ரூக்கட் நீடிலிலிருந்து ஜாஸ்பர் என்கிற நிருபர் நேரில் வந்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பாரே தவிர, முதலாளிக்கு இங்கிலீஷ் வராது. மொழிபெயர்க்க யார்? நான்தான். எதுவானாலும் சரி, சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்ததும் இங்கிலீஷில் சொன்னேன்: “சார், அந்த விமர்சனத்தை எழுதியது நான்.”

அவர் முகம் மலர்ந்தது. “ஓ, டைப் செய்தது நீங்களா! அருமை!” என்று சொல்லிவிட்டு முதலாளி பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அவரை அந்த ஸ்டூலோடு தூக்கித் தெருவில் போட வேண்டும் போல இருந்தது.

“இந்த இசையில் உங்களை முதலில் தொட்டது எது?” என்று கேட்டார். முதலாளி, “இன்னா கேக்குறாரு? காப்பி சாப்புட்றாரான்னு கேளு,” என்றார். நான் அந்தப் பாடகியைப் பற்றி, அவள் மூச்சு வாங்குகிற இடத்தைப் பற்றி, என் மனதில் இருந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்தபோது ஜாஸ்பருடைய கண் கலங்கியிருந்தது. அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்தது. அடிப்பாவி, என் வாயாலேயே இவருக்குக் கோயில் கட்டிக்கொண்டிருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்குமேல் முதலாளி சொன்னதை அப்படியே, ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். நாறட்டும் என்றுதான்.

“டிரம்மருடைய பயத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?”

“பயமா? தேசிங்கு ராஜா ஊருய்யா இது. இங்க எவனுக்கும் பயம் கெடையாதுன்னு சொல்லு.”

ஜாஸ்பர் கண்ணை மூடித் தலையசைத்தார்.

“பாடல்களைப் பற்றி?”

“நல்லாத்தான் இருக்குது. சத்தத்தைக் கொஞ்சம் கொறைச்சா இன்னும் நல்லா இருக்கும்.”

“அடுத்த ஆல்பத்தில் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?”

“பெரிய எழுத்துல போடச் சொல்லு. அட்டையில இருக்கிறது கண்ணுக்குத் தெரியல.”

மூன்றையும் ஜாஸ்பர் பரவசமாக எழுதிக்கொண்டார். நடுவில் காய்கறி விற்கிற மீனம்பாள் வந்து, “காப்பி கருப்பா வந்துருக்குது, வேற போட்டுக் குடு. நானு இன்னா சும்மாவா கேக்குறேன்?” என்று சண்டை பிடித்தாள். அதையும் ஒலிப்பதிவு செய்துகொண்டு, இந்த வட்டாரத்தின் நாட்டார் பாடலா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

படம் எடுக்கக் கோட்டைக்குப் போனோம். முதலாளி ராஜகிரி மலை உச்சியில் உட்கார்ந்து பாட்டு கேட்க வேண்டுமாம். “என் முட்டிய யாரு தூக்கினு வர்றது?” என்றார் முதலாளி. கடைசியில் அடிவாரத்தில் ராஜா காலத்துக் கோபுரமான கல்யாண மஹாலுக்கு முன்னால் நிறுத்தி, தலையில் ஹெட்போன் மாட்டினார்கள். நாலாவது படத்துக்கு ஒரு குரங்கு இறங்கி வந்து ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அந்த ஹெட்போன் என்னுடையது.

கட்டுரை வந்தது. தலைப்பு ‘கோட்டை நிழலில் ஒரு ஞானி’. சத்தத்தைக் குறைக்கச் சொன்னது ‘மௌனத்தின் அழகியல்’ ஆகியிருந்தது. பெரிய எழுத்து ‘பிரம்மாண்டத்துக்கான அறைகூவல்’ ஆகியிருந்தது. ஒரு படத்தின் ஓரத்தில் என் முழங்கை தெரிந்தது. கீழே ‘ஸ்ரீ அரங்கனும் அவருடைய டைப்பிஸ்டும்’ என்று போட்டிருந்தார்கள்.

“மாசா மாசம் ஒண்ணு எழுதிக் குடுத்துடு பிருந்தா. சம்பளம் ஏத்தித் தர்றேன்,” என்றார் முதலாளி. எழுதினேன். என் வார்த்தையை யாரோ படிக்கிறார்கள் என்கிற ஆசைதான், வேறென்ன? இடையில் ஒரு தடவை என் சொந்தப் பெயரில் தனியாக ஒரு விமர்சனம் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு பின்னூட்டம் வந்தது. ‘ஸ்ரீ அரங்கனைக் காப்பி அடிக்காதே பெண்ணே. உனக்கென்று ஒரு குரலைத் தேடு.’

அன்றைக்கு அழுதேன். பஸ்ஸில், எல்லோரும் பார்க்க, துப்பட்டாவால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த மாதப் பத்தியில் பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ‘என் பெயர் பிருந்தா. அனந்தபுரம். ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். நீங்கள் இதுவரை படித்ததெல்லாம் நான் எழுதியது. முதலாளிக்கு டேம்ப் கர்ட்டன்ஸ் என்றால் ஜன்னல் துணி என்றுதான் தெரியும்.’ கடைசி பஸ்ஸில் நான் நின்றுகொண்டே போகிறதையும் நைனாவின் ஆட்டோவையும் முழங்கையையும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்.  வேலை போனால் போகட்டும் என்று காத்திருந்தேன்.

லண்டன் அதிர்ந்தது. ‘ஸ்ரீ அரங்கனின் ஆகச் சிறந்த படைப்பு’ என்றது க்ரூக்கட் நீடில். ‘ஒரு முதியவர் ஒரு ஏழை இளம்பெண்ணின் குரலை இவ்வளவு நம்பும்படி எப்படி உருவாக்கினார்?’ என்று வியந்தார் ஜாஸ்பர். போட்டிப் பத்திரிகை ஒன்று மட்டும் குறை சொன்னது: ‘பிருந்தா என்னும் பாத்திரத்தின் கோபம் சற்று மிகை.’

கடைத்தெருவில் புதுப் பேனர் கட்டினார்கள். ‘உலகம் போற்றும் பிருந்தாவைப் படைத்த பிரம்மாவே!’ அதன் கீழேதான் நான் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். முதலாளி ஜாஸ்பருடைய பாராட்டைப் போனில் தமிழாக்கிப் படித்துவிட்டு, பொன்னாடையை மடித்துவைத்துக்கொண்டு பூரிப்போடு உட்கார்ந்திருந்தார்.

“பாத்தியா பிருந்தா? அந்தப் பொண்ணுக்கு உன் பேர்தான் வெச்சிருக்கேன். சந்தோசமா?”

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்கு ஒரு நல்லது செய்துவிட்டதாக நினைத்துச் சொன்னார். அவர் அந்த எழுத்தை எழுதியதாக அவரே நம்பத் தொடங்கிவிட்டார். 

அன்றைக்கு டேம்ப் கர்ட்டன்ஸின் இரண்டாவது ஆல்பம் வந்திருந்தது. எல்லாப் பத்திரிகையும் கேட்பதற்கு முன்பே கொண்டாடி முடித்திருந்தன. நான் கேட்டேன். டிரம் பையனுக்குப் பயம் போய்விட்டது. அடி ஒவ்வொன்றும் கச்சிதமாக, உயிரே இல்லாமல் விழுந்தது. பாவம், அந்தப் பாடகி யாரோ சொன்ன இடத்தில் மூச்சு வாங்கினாள். ஸ்ரீ அரங்கன் என்ன சொல்லப் போகிறார் என்று லண்டனே காத்திருப்பதாகவும், சாயங்காலத்துக்குள் விமர்சனம் வேண்டும் என்றும் ஜாஸ்பர் மெயில் போட்டிருந்தார்.

நான் கம்ப்யூட்டருக்கும் மெயிலுக்கும் பாஸ்வேர்டை மாற்றினேன். கம்ப்யூட்டரை நிறுத்தினேன். கேமராவின் மேல் காய்ந்துகிடந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். “எங்கம்மா போற, டீ சாப்டவா?” என்றார் முதலாளி. ஆமாம் என்றேன்.

அனந்தபுரம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டே கிடைத்தது. மேல்களவாய் தாண்டுவதற்குள் போன் வந்துவிட்டது.

“பிருந்தா, சிஸ்டம் தொறக்க மாட்டேங்குது. லண்டன்காரன் போன் மேல போன் போட்றான், ஒரே டென்ஷனா இருக்குது. பாஸ்வேர்டு இன்னாம்மா?”

“யாரு பேசுறது?” என்றேன்.

“நான்தாம்மா மொதலாளி. வெளையாடாத. நீ பிருந்தாதான?”

“பிருந்தாவா? அது நீங்க எழுதின கதையில வர்ற பொண்ணாச்சே மொதலாளி. லண்டன்லயே சொல்லிட்டாங்க. இல்லாத பொண்ணுகிட்ட போயி பாஸ்வேர்டு கேக்குறீங்களே, எழுதினவரு நீங்க, உங்களுக்குத் தெரியாதா?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மௌனத்தின் அழகியல். போனை வைத்துவிட்டு, கண்டக்டரிடம் அனந்தபுரம் ஒன்று என்றேன்.